எல்லோர் படத்திலும் இருந்த குழந்தை

தையல் மெஷின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவன் ஏரியில் படகு ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்தால் அந்த மெஷின் சத்தம் அவனுக்குத் தலைவலி. அவளுக்கோ அது இல்லாவிட்டால் வீடு வீடாகவே தோன்றாது. கல்யாணமாகி அந்தப் படிக்கட்டுத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து ஜன்னலோரம் மெஷினைப் போட்டு உட்கார்ந்தவள்தான். தெருவில் எல்லோரும் தையல்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளும் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

தெரு என்றால் வண்டி போகிற தெரு இல்லை. ஏரிக்கரையில் தொடங்கி மேலே சந்தை வரைக்கும் வெறும் படிகள். இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வந்த புதிதில் அவளுக்கு அந்தத் தெருவைப் பிடிக்கவே இல்லை. அவள் என்ன வாங்கினாள், ஏன் கண் சிவந்திருக்கிறது, தபால்காரர் எதற்கு நின்று பேசினார் என்று ஒவ்வொரு வாசலுக்கும் தெரிந்தாக வேண்டும். "இது தெருவா, போலீஸ் ஸ்டேஷனா?" என்று புருஷனிடம் முணுமுணுப்பாள். அவன் சிரித்துக்கொண்டே, "ஸ்டேஷன்ல இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க" என்பான்.

பிறகு நகராட்சிக்காரர்கள் வந்து படிகளுக்கு வண்ணம் அடித்தார்கள். படிக்கு ஒரு நிறம். யாரோ படம் பிடித்துப் போட, அது எங்கெங்கோ சுற்றி, ஜனம் வர ஆரம்பித்தது. முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். அப்புறம் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது.

முதன்முதலில் வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியது மாடிவீட்டு அக்கா. தையல்காரிக்குப் பிரசவ வலி எடுத்தபோது கைத்தாங்கலாகப் படி இறக்கிக் கூட்டிப் போனவள் அவள்தான். கீழ்த்தளத்தையும் சேர்த்து அறைகளாகத் தடுத்தாள், வெள்ளை அடித்தாள், வாசலில் எண் அழுத்தித் திறக்கிற பூட்டு மாட்டினாள். அவளைப் பார்த்து எதிர்வீடு மாறியது. எதிர்வீட்டைப் பார்த்து அடுத்த வீடு. சொந்த வீடு உள்ளவர்கள் வாடகைக்கு விட்டுவிட்டுப் போனார்கள். வாடகைக்கு இருந்தவர்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். அக்காவையும் தையல்காரியையும் தவிர எல்லோரும் சந்தைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் குடியேறினார்கள். காலையில் அங்கிருந்து ஏறி வந்து, தாங்கள் குடியிருந்த அதே வீடுகளில் விரிப்பு மாற்றி, தரை துடைத்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

தையல்காரிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிதான். துருவித் துருவிக் கேட்க ஆளில்லை. வேலையும் குவிந்தது. திரைச்சீலை, தலையணை உறை, விரிப்பு என்று எல்லா விடுதிக்கும் அவள்தான். புருஷனுக்கும் படகில் ஓயாத சவாரி. படகு மாடிவீட்டு அக்காவின் வீட்டுக்காரருக்குச் சொந்தம்.

தையல்காரிக்கும் அவள் புருஷனுக்கும் ஒரே பெண் குழந்தை. நாலு வயது. சிட்டு என்று கூப்பிடுவார்கள். துறுதுறுவென்று வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். போகிற வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். சுருட்டை முடியும் கன்னக்குழியும், பின்னால் வண்ணப் படிகளும் சேர்ந்து படத்துக்கு அப்படி அமைந்துபோயின. "ஆன்ட்டிக்கு டாட்டா சொல்லு. அங்கிளுக்கு ஒரு முத்தம் கொடு. அழக் கூடாது, அவங்க நம்ம விருந்தாளிங்க" என்று சொல்லிக் கொடுத்தவள் தையல்காரியேதான். குழந்தை சீக்கிரம் பிடித்துக்கொண்டது. கேமராவைக் கண்டால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கன்னத்தில் விரலை வைத்துச் சிரிக்கும். யார் கை நீட்டினாலும் தாவும்.

அன்றைக்கு நீண்ட விடுமுறையின் முதல் நாள். மத்தியானத்துக்குள் ஒரு கூட்டம் வருகிறது, தலையணை உறை வேண்டும் என்று மாடிவீட்டு அக்கா காலையிலிருந்து ஆள் மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள். தையல்காரி குழந்தைக்கு ஒரு துண்டுத் துணியும் நாலு பொத்தானும் கொடுத்து வாசலில் உட்காரவைத்துவிட்டு மெஷினை மிதித்தாள். இரண்டு மூன்று முறை தலையை நீட்டிக் குழந்தையை எட்டிப் பார்த்தாள். இருந்தது. யாரோ படம் எடுத்தார்கள். யாரோ சிரித்தார்கள். அது தினமும் கேட்கிற சத்தம்.

நூல் அறுந்தது. ஊசியில் கோக்கக் குனிந்தபோதுதான் வாசல் அமைதியாக இருப்பது உறைத்தது.

"சிட்டு."

பொத்தான்கள் படியில் கிடந்தன. துணியைக் காணோம்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பக்கத்தில் எங்காவது போயிருக்கும், வரட்டும், முதுகில் ஒன்று வைக்கலாம் என்று நினைத்தாள். மேலே பத்துப் படி ஏறிப் பார்த்தாள். கீழே இறங்கிப் பார்த்தாள். வண்ணச் சட்டைகள், முதுகுப் பைகள், முழங்கால்கள். குழந்தையின் உயரத்தில் அந்தத் தெருவில் எதுவும் தெரியவில்லை. கோபம் எந்த இடத்தில் பயமாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. குரல் மட்டும் வேறு யாருடையதோ போல ஒலித்தது.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். பழக்கம் அப்படி, அந்த வீட்டில் இப்போது தனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது தட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு ஆள் திறந்தான். அவள் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. அவள் இடுப்பளவில் கையைக் காட்டி, "சின்னப் பொண்ணு, சுருட்டை முடி" என்று சைகை செய்தாள். அவன் சிரித்துவிட்டு, உள்ளே போய் ஒரு சாக்லேட் எடுத்து வந்து நீட்டினான்.

அடுத்த கதவு பூட்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் ஆட்கள் இப்போதுதான் வந்து இறங்கிப் பெட்டி திறந்துகொண்டிருந்தார்கள். எல்லாக் கதவும் அவள் தட்டித் தட்டி அறிந்த கதவுகள்தான். உப்புக்கும் ஊசிக்கும் தட்டியவை. ஒரு கதவுக்குப் பின்னால்கூடத் தெரிந்த முகம் இல்லை. அவள் அழுதுகொண்டே ஓடுவதைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் அவள் ஓடுவதையும் படம் எடுத்தார்.

மாடிவீட்டு அக்கா பலகணியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி, உறை ஆச்சா?"

"அக்கா, சிட்டுவைக் காணோம்."

"இங்கதான் எங்கயாவது இருக்கும். கத்தாதடி, கெஸ்ட் எல்லாம் பயந்துக்குவாங்க. இரு, நானும் கீழ வரேன்."

அவள் வரும்வரை நிற்கத் தையல்காரியால் முடியவில்லை. படியின் நடுவில் குட்டை முடி வெட்டிய ஒரு இளம்பெண் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்காரி, இந்தப் பாஷை அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அவள்தான் முதலில் எழுந்து நின்று, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளி ஒரு படத்தைக் காட்டினாள்.

"இந்தப் பாப்பா?"

சிட்டுதான். காலையில் போட்டுவிட்ட பச்சைக் கவுன். ஒரு ஆளின் தோளில் உட்கார்ந்திருந்தது. பெரிய வைக்கோல் தொப்பி போட்ட ஆள். தொப்பியின் விளிம்பு முகத்தை முழுக்க மறைத்திருந்தது. குழந்தையின் கணுக்காலை அவன் கை பிடித்திருந்தது. குழந்தை தலையைச் சாய்த்து, கன்னத்தில் விரல் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"எப்ப எடுத்தீங்க?"

"இப்ப... கொஞ்சம் முன்னால. அழகா இருந்துச்சு. அவர் அப்பான்னு நெனச்சேன்."

தையல்காரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். குட்டை முடிக்காரி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கீழ போனாங்க. வாங்க" என்றாள்.

இருவரும் ஏரிக்கரைக்கு ஓடினார்கள். வழியில் நின்றவர்களிடமெல்லாம் குட்டை முடிக்காரி தன் போனைக் காட்டித் தனக்குத் தெரிந்த பாஷைகளில் கேட்டாள். அப்போது நடந்ததைத் தையல்காரி பிறகு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கேட்ட ஆளெல்லாம் "ஓ, இந்தக் குழந்தையா" என்பது போல முகம் மலர்ந்து தங்கள் போனை எடுத்தார்கள். ஒருவரிடம் நேற்றைய படம். ஒருத்தியிடம் முந்தாநாள் படம், சிட்டு அவள் மடியில். ஒரு வயதான தம்பதியிடம் போன வருஷத்துப் படம்கூட இருந்தது. அதைப் பார்த்துத்தான் இந்த ஊருக்கே திரும்ப வந்தார்களாம். தன் குழந்தையை இத்தனை பேர் தூக்கியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு படத்திலும் அதே சாய்ந்த தலை, அதே விரல். அத்தனை பேரிடமும் குழந்தை இருந்தது, குழந்தையைத்தான் காணோம்.

படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கிறவன் சீசனுக்காக வேறு ஊரிலிருந்து வந்தவன். அவனுக்குச் சிட்டு யார் என்றே தெரியாது. "தொப்பிக்காரர் தோள்ல ஒரு குழந்தை வந்துச்சு. அப்புறம் கவனிக்கலைங்க. எல்லாரும் குழந்தையோடதானே வராங்க" என்றான்.

புருஷனின் படகு ஏரியின் நடுவில் இருந்தது. அவள் கரையில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டி, தொண்டை கிழியக் கூப்பிட்டாள். காற்று எதிர்ப்பக்கம். படகில் இருந்த விருந்தாளிகள் அவளைப் பார்த்துச் சந்தோஷமாகத் திருப்பிக் கை ஆட்டினார்கள். அவர்களோடு சேர்ந்து அவனும் கை ஆட்டினான்.

அதைப் பார்த்து அவள் தண்ணீரிலேயே இறங்கியிருப்பாள். அந்த நேரத்தில் குட்டை முடிக்காரி கத்தினாள். துறையில் நின்று படம் எடுத்துக்கொண்ட ஒரு ஜோடியின் போன் அவள் கையில் இருந்தது. ஜோடி சிரித்துக்கொண்டிருந்தது, அவர்களுக்குப் பின்னால், ஓரத்தில், பச்சைக் கவுன். ஒரு வயதான அம்மாளின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அந்த அம்மாள் கழுத்தில் மஞ்சள் கைக்குட்டை. சுற்றிலும் எல்லோர் கழுத்திலும் மஞ்சள் கைக்குட்டை. ஒரே பேருந்தில் வருகிறவர்கள் ஒருவரையொருவர் தொலைத்துவிடாமல் இருக்க அப்படிக் கட்டிக்கொள்வார்கள்.

பேருந்துகள் கரையோர மைதானத்தில் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே உயரம், எல்லாவற்றிலும் கறுப்புக் கண்ணாடி. உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. அவள் ஒவ்வொன்றின் வயிற்றிலும் உள்ளங்கையால் அடித்துக்கொண்டே போனாள். ஒரு டிரைவர் இறங்கித் திட்டினான். விஷயம் தெரிந்ததும் அவன் குரல் மாறியது.

"மஞ்சத் துணிக்காரங்களா? அவங்க வண்டி இப்பதான்மா கிளம்புச்சு. அடுத்த ஊருக்கு. மலைப்பாதை வழியா."

அப்போது அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. பயம் ஒரு அளவுக்கு மேல் போனால் கண் காய்ந்துவிடும் போலிருக்கிறது. அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர், அங்கிருந்து விமானம் என்று மனசு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டோக்காரர், சந்தைக்குப் பின்னால் குடிபோன பழைய தெருக்காரர், அவள் முகத்தைப் பார்த்ததுமே வண்டியைத் திருப்பினார். "ஏறும்மா. எதுவும் கேக்கல, ஏறு." குட்டை முடிக்காரியும் கூடவே ஏறிக்கொண்டாள்.

விடுமுறைக் கூட்டம்தான் அவளைக் காப்பாற்றியது. ஊர் எல்லையில் இருந்த சோதனைச் சாவடியில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நகராமல் நின்றன. தினமும் அவள் சபித்த நெரிசல். ஆட்டோவிலிருந்து குதித்து, வண்டிகளுக்கு நடுவே செருப்பு கழன்றது தெரியாமல் ஓடினாள். முன் கண்ணாடியில் மஞ்சள் துணி தொங்கிய பேருந்தின் கதவை அடித்தாள்.

கதவு திறந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. நடு வரிசையில், அந்த அம்மாளின் மடியில், மஞ்சள் கைக்குட்டை கட்டிக்கொண்டு சிட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

அந்த அம்மாள் பயந்து எழுந்துவிட்டாள். குட்டை முடிக்காரிதான் நடுவில் நின்று பேசிப் புரியவைத்தாள். அந்த அம்மாள் குழந்தையை, கூட்டத்தை அழைத்து வந்த கைடின் மகள் என்று நினைத்திருந்தாள். கைடு, அந்த அம்மாளின் பேத்தி என்று நினைத்திருந்தான். "பெரியவங்களைத்தான் எண்ணுவேன். மடியில உக்கார்ற குழந்தைக்கு சீட் கிடையாதே" என்றான் அவன், முகம் வெளுத்து. தொப்பிக்காரன் யார் என்று தையல்காரி கேட்டாள். அந்தக் கூட்டத்தில் தொப்பி போட்டவர் யாருமே இல்லை. கரையில் குழந்தை தானாக வந்து தன் விரலைப் பிடித்ததாக அந்த அம்மாள் கண்ணீரோடு சொன்னாள். அவளைப் பொய்க்காரி என்று நினைக்கத் தையல்காரிக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

குழந்தை அம்மாவைப் பார்த்தது. அவள் தலை கலைந்து, மூச்சு வாங்க, அழுத முகத்தோடு நிற்பதைப் பார்த்தது. உடனே தலையை ஒரு பக்கம் சாய்த்து, கன்னத்தில் விரல் வைத்துச் சிரித்தது.

அவள் அந்த விரலைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது புருஷன் வாசலில் நின்றான். முகம் சாம்பலாகியிருந்தது. அவள் போலீஸுக்குப் போக வேண்டும் என்றாள். மாடிவீட்டு அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தைதான் கிடைச்சாச்சே. போலீஸ் கீலிஸ்னு போனா நாளைக்கு நம்ம தெருவுக்கே கெட்ட பேரு. யாரும் வர மாட்டாங்க. எல்லார் பொழைப்பும் இதுலதானே இருக்கு."

"அந்தத் தொப்பிக்காரன் யாருன்னு தெரிய வேண்டாமாக்கா?"

"யாரா இருந்தா என்னடி. தூக்கினான், இறக்கி விட்டுட்டான்."

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். படகுச் சாவி அக்கா வீட்டு ஆணியில் தொங்குகிறது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தனியாகவே ஸ்டேஷனுக்குப் போனாள். போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டார். "காணாம போன குழந்தை எங்கம்மா?" என்றார். அவள் இடுப்பைக் காட்டினாள். "இடுப்புல இருக்கற குழந்தையைக் காணோம்னு நான் எப்படி எழுதறது?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே குழப்பம். தொப்பி போட்டவர்களைத் தேடுவதென்றால் அந்த ஊரில் பாதிப் பேரைப் பிடிக்க வேண்டும் என்றார்.

அதற்கப்புறம் மெஷினில் உட்கார அவளால் முடியவில்லை. நாலு தையல் போட்டுவிட்டு நிறுத்திக் காது கொடுப்பாள். வைக்கோல் தொப்பி எது கடந்தாலும் எழுந்து போய் அந்தக் கையைப் பார்ப்பாள். கடைசியில் திரைச்சீலைத் துணியில் ஒரு நீளப் பட்டி தைத்து, ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பிலும் மறுமுனையை மெஷின் காலிலும் கட்டினாள். குழந்தைக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒரு காலையில் நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே மூன்று நாலு பேர் குனிந்து நின்று அந்தப் பட்டியையும் குழந்தையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தரிக்கோலை எடுத்துப் பட்டியை வெட்டினாள். கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். வெளிச்சம் இல்லாமல் எப்படித் தைப்பது என்று புருஷன் கேட்டதற்கு, "தைக்கப் போறதில்ல" என்றாள்.

அவன் அன்றைக்கு அவளோடு சண்டை போடவில்லை. மறுநாள் படகுச் சாவியை வாங்கப் போகாமல், சந்தையில் மூட்டை இறக்குகிற வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தான். அவர்களும் பள்ளத்துக்குக் குடிபோனார்கள். அவர்கள் விட்டு வந்த வீட்டுக்கும் வெள்ளை அடித்து, எண் பூட்டு மாட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டார்கள். தையல்காரி அந்தப் பக்கம் போகவில்லை.

பள்ளத்தில் பழைய முகங்கள் இருந்தன. ஆனால் பகலில் யாரும் இல்லை. எல்லோரும் மேலே விரிப்பு மாற்றப் போயிருப்பார்கள். வரிசையாகப் பூட்டிய கதவுகள். அவள் பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். குழந்தைக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுத்தாள். "யாராவது கை நீட்டினா என்ன செய்வ?" "பின்னால போவேன்." "சாக்லேட் கொடுத்தா?" "வேண்டாம்னு சொல்வேன்." "அப்பா கூப்பிடறார்னு சொன்னா?" "கத்துவேன்." சில நாள் ஆட்டோக்காரரையே விட்டுக் கூப்பிடச் சொல்லிச் சோதித்தாள். முதல் தடவை குழந்தை சிரித்துக்கொண்டே போய்விட்டது. அன்றைக்கு அவள் அடித்த அடியில் குழந்தைக்குக் காய்ச்சலே வந்தது. இரண்டாவது தடவை போகவில்லை.

சிட்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. தலையைச் சாய்த்துச் சிரிப்பது நின்றுபோனது. அதன் பிறகு சிரிப்பதே குறைந்துவிட்டது. தெருவில் யாராவது போனைத் தூக்கினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளும்.

ஒரு நாள் சாயங்காலம் புருஷனின் தங்கை ஊரிலிருந்து வந்தாள். தொட்டில் கட்டிய நாளில் பார்த்த குழந்தையை அதற்கப்புறம் இப்போதுதான் பார்க்கிறாள். பையைக்கூடக் கீழே வைக்காமல், வாசலில் நின்றபடியே இரண்டு கையையும் விரித்தாள்.

"வாடி என் தங்கமே. அத்தைகிட்ட வா."

சிட்டு இரண்டடி பின்னால் போனது. முதுகு சுவரில் முட்டியது. "நீங்க யாரு? அம்மாவுக்கு உங்களைத் தெரியுமா?" என்று கேட்டது. குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிக் கொடுத்தபடி, ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டது.

விரித்த கைகள் விரித்தபடியே நின்றன. தையல்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தைடி. அப்பாவோட தங்கச்சி. போ, போய்க் கட்டிக்கோ" என்றாள்.

குழந்தை அத்தையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தது. இது நிஜமா, இன்னொரு சோதனையா என்று அந்தக் கண்கள் அவள் முகத்தில் தேடின. எது சரியான பதில், எதற்கு அடி விழும் என்று தெரியாமல் நின்றது.

"பரவால்ல விடுங்க அண்ணி. புது முகம்ல, பழகிடும்" என்று நாத்தனார் கையை இறக்கி, பையைச் சுவரோரம் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

தையல்காரி, "தண்ணி கொண்டு வரேன்" என்று உள்ளே திரும்பினாள்.